அன்று நாக்கு, இன்று ரசீது

போர்தோ நகரில், கரோன் ஆற்றங்கரையை ஒட்டிய ஷார்த்ரோன் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ஒயின் வணிகர்களின் கிடங்குகளாக இருந்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒயினைப் பீப்பாயோடு விற்றுவிடுவார். 225 லிட்டர் கொள்ளும் அந்த ஓக் பீப்பாய்களைத் தம் கிடங்கில் வைத்துப் பக்குவப்படுத்துவது வணிகரின் வேலை. பிறகு அவரே பாட்டிலில் அடைப்பார். அல்லது பீப்பாயாகவே லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் கப்பலேற்றுவார். அங்கே வேறொரு வணிகர் பாட்டிலில் அடைத்துத் தம் பெயரையும் சேர்த்து ஒட்டுவார். ஒரே தோட்டத்தின், ஒரே ஆண்டின் ஒயின் ஊருக்கு ஊர் வேறுபட்டது. லேபிளை மட்டும் நம்பி வாங்க முடியாத காலம் அது. ஊற்று, முகர்ந்து பார், சுவைத்துச் சொல் என்பதுதான் வழக்கம்.

1855 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போர்தோ ஒயின்களுக்கு ஒரு தரவரிசை தேவைப்பட்டபோது, அதைத் தயாரிக்கும் பொறுப்பு ஊர்த் தரகர்களிடம் வந்தது. மெடாக் பகுதியின் தோட்டங்களோடு கிராவ் பகுதியிலிருந்து ஓ-பிரியோனை மட்டும் சேர்த்து, சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளில் அடுக்கினார்கள். எந்தத் தோட்டத்து ஒயின் பல ஆண்டுகளாக என்ன விலைக்குப் போனது என்பதே அவர்கள் வைத்த அளவுகோல். அந்த விலைகளும் சும்மா வந்தவை அல்ல. ஆண்டுதோறும் பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்த தரகர்களின் நாக்கில்தான் அவை உருவாயின. முதற்படியில் லாஃபிட், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என நான்கு பெயர்கள். 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு உயர்த்தப்பட்டது. அதைத் தவிர, சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் இல்லாமல் அந்தப் பட்டியல் இன்றும் நிற்கிறது.

மூத்தோனுக்கு அந்த உயர்வைப் போராடிப் பெற்ற பரோன் ஃபிலிப் த ரோத்ஷில்ட், இன்னொரு பெரிய மாற்றத்துக்கும் காரணமானவர். 1924-ஆம் ஆண்டு அறுவடையின் ஒயின் முழுவதையும் தம் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தார். மற்ற தோட்டங்கள் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தன. 1972-இல் தரவரிசைத் தோட்டங்களுக்கு அது கட்டாயமானது. அன்றிலிருந்து ஒயினுக்குப் பொறுப்பு வணிகரின் வாக்கைவிட்டு, தோட்டத்தின் முத்திரைக்கு மாறியது. வாங்குபவருக்கு அது பெரிய நன்மை. ஆனால் சுவைத்துப் பார்த்துத்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்ததும் அங்கேதான்.

பழைய ஒயினை மதிப்பிடும் அன்றைய முறை எவ்வளவு நுட்பமானது என்பதை அருகிருந்து பார்த்தால்தான் புரியும். நாற்பது வயதான பாட்டிலைத் திறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். படுத்துக் கிடந்த காலத்தில் பக்கவாட்டில் படிந்த வண்டல் அடியில் இறங்கியாக வேண்டும். கழுத்தைச் சுற்றிய உலோக உறையை நீக்கி, வாயை ஈரத்துணியால் துடைப்பார்கள். வயதான கார்க் திருகாணியைத் தாங்காமல் உதிர்ந்துவிடும். அதனால் இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பானை கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறக்கி, முறுக்கி முறுக்கி மேலே கொண்டுவருவார்கள். பிறகு பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியை வைத்து, ஒரே சாய்வில், கை ஆடாமல் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுவார்கள். தெளிந்த சிவப்பு ஓடிக்கொண்டே இருக்கும். கழுத்தருகே கருங்கோடாக வண்டல் தலைகாட்டியதும் கை நின்றுவிடும்.

முதல் சாட்சி நிறம். வெள்ளைத் துணிமேல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்தால் வயது தெரியும். இளம் ஒயின் விளிம்புவரை ஊதா கலந்த சிவப்பு. பத்துப் பதினைந்து ஆண்டில் மாணிக்கச் சிவப்பு. அதற்கு மேல் விளிம்பு செங்கல் நிறமாகி, பிறகு பழுப்பாகும். அடுத்தது மணம். முதலில் அடைபட்ட அறையின் வாடை வரலாம். சில நிமிடங்களில் விலகிவிடும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் விலகாமல் கூடிக்கொண்டே போனால் கார்க் கெட்டிருக்கிறது, ஒயின் வீண். நல்ல பாட்டிலாக இருந்தால், இளமையில் இருந்த கருந்திராட்சை மணம் பின்வாங்கி, தேவதாரு மரம், சுருட்டுப் பெட்டி, தோல், மழைக்குப் பிந்தைய காட்டுத் தரை ஆகியவற்றின் மணங்கள் ஒவ்வொன்றாக எழும். கடைசியாகத்தான் நாக்கு. கேபர்னே சோவினியோன் திராட்சையின் துவர்ப்பு இளமையில் கொட்டைப்பாக்கை மென்றதுபோல் வாயை வறளவைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, வண்டலாகப் படிகின்றன. ஒயின் வெளிறுவதும் வழவழப்பாவதும் ஒரே வேதிவினையின் இரு முகங்கள். விழுங்கிய பிறகும் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில் தரம் தெரியும்.

லண்டன் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் 1966-இல் ஒயின் துறையைத் தொடங்கிய மைக்கேல் பிராட்பென்ட் இந்தக் கலையின் பெரிய ஆசான். ஊற்றிய கணத்தில் எப்படி இருந்தது, சற்று நேரம் கழித்து என்ன ஆனது, எப்போது மங்கத் தொடங்கியது என்று நேரம் குறித்து எழுதுவது அவர் பழக்கம். பழைய ஒயின் கோப்பையிலும் மாறிக்கொண்டே இருக்கும். அதை ஒரே கணத்தில் எடைபோடக் கூடாது என்பது அவரிடம் கற்க வேண்டிய பாடம்.

அன்றைய ஒயினும் அந்தப் பொறுமையைக் கேட்டது. திராட்சை முழுதாகப் பழுக்காத ஆண்டுகள் நிறைய. ஆல்கஹால் 12 சதவீதத்தைத் தொடுவதற்கே சில ஆண்டுகளில் சர்க்கரை சேர்க்க வேண்டியிருந்தது. புளிப்பும் துவர்ப்பும் அடங்க இருபது ஆண்டு பிடிக்கும். தந்தை வாங்கி வைத்ததை மகன் திறப்பது குடும்ப வழக்கம். 1961 போன்ற அருமையான ஆண்டுக்குப் பிறகு 1963, 1965, 1968 என்று பெயர் சொல்ல வழியில்லாத ஆண்டுகள் வந்தன. பொன்னான பழங்காலம் என்று பேசுகிறவர்கள் அந்த நீர்த்த, புளித்த பாட்டில்களை மறந்துவிடுகிறார்கள்.

அதை மாற்றியவர் போர்தோ பல்கலைக்கழகத்தின் எமீல் பேனோ. நன்கு பழுத்த பிறகு பறியுங்கள், அழுகிய பழத்தைக் கழித்துவிடுங்கள், பீப்பாயைச் சுத்தமாக வையுங்கள் என்று தோட்டம் தோட்டமாகச் சொன்னார். கடுமையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதித்தல் அதுவரை தன்போக்கில் நடந்துகொண்டிருந்தது. அதைக் கட்டுக்குள் கொண்டுவரச் செய்ததும் அவர் தலைமுறை ஆய்வாளர்கள்தான். இன்று போர்தோவில் மோசமான ஆண்டு அரிதாகிவிட்டது என்றால் அதில் அவர் பங்கு பெரிது.

பிறகு வந்தது எண்களின் காலம். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-இல் தொடங்கிய இதழில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்தார். பலர் தயங்கிய 1982 ஆண்டு ஒயின்களை அவர் உரக்கப் புகழ்ந்தார். அவர் சொன்னதே சரியென்று ஆனது. வணிகக் குடும்பத்தில் பிறக்காத ஒருவருக்கும் நம்பி வாங்க ஒரு வழி கிடைத்தது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் மதிப்பெண்ணுக்காகவே கனமும் ஓக் மணமும் கூட்டப்பட்ட ஒயின்களும் அதன் பின்னால் வந்தன. வெப்பமும் சேர்ந்துகொண்டது. இன்று 14 சதவீத ஆல்கஹால் சாதாரணம். வெயிலைத் தாங்கும் போர்ச்சுகலின் தூரிகா நசியொனல் உட்பட ஆறு புதிய திராட்சை வகைகளை போர்தோவில் சிறிதளவு பயன்படுத்த 2021-இல் அனுமதி கிடைத்தது. ஐந்தாறு ஆண்டிலேயே இனிக்கப் பருகத் தக்க ஒயின்கள் வருகின்றன. இருபது ஆண்டு காத்திருக்கும் பழக்கம் குறைந்துவிட்டது.

பெரிய பெயர்களுக்கு நேர்ந்ததோ வேறு. அவற்றின் விலை ஏறிய வேகத்தில், திறப்பதே நஷ்டம் என்றாகிவிட்டது. இப்போது பழைய பாட்டிலை மதிப்பிடுகிறவர் முதலில் பார்ப்பது அதற்குள் இருக்கும் மட்டத்தை. ஒயின் கழுத்துவரை நிற்கிறதா, தோளின் மேற்புறத்தில் நிற்கிறதா, நடுத்தோளுக்கு இறங்கிவிட்டதா? கார்க் வழியே ஒயின் குறைந்த இடத்தைக் காற்று பிடித்திருக்கும். லேபிள், உறை, கார்க்கில் பொறித்த ஆண்டு, எந்தக் கிடங்கில் எத்தனை ஆண்டு, யார் யாரிடம் கைமாறியது என எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். 2012-இல் ஷாட்டோ லாத்தூர், பீப்பாயில் இருக்கும்போதே விற்கும் போர்தோ வழக்கத்தைக் கைவிட்டு, பருகும் பருவம் நெருங்கும்வரை தன் நிலவறையிலேயே ஒயினை வைத்திருக்க முடிவெடுத்தது. நிலவறையை விட்டு நகராத பாட்டிலுக்குத் தனி விலை.

போலி பயமும் நியாயமானதே. தாமஸ் ஜெபர்சனுடையது என்று சொல்லப்பட்ட 1787 லாஃபிட் பாட்டில் ஒன்று 1985-இல் லண்டனில் 1,05,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அதே குவியலைச் சேர்ந்த பாட்டில்களை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் பில் கோக் பிறகு விசாரணையில் இறங்கினார். கண்ணாடியில் இருந்த எழுத்துகள் மின்கருவியால் செதுக்கப்பட்டவை என்று அவர் தரப்பு நிபுணர்கள் சொன்னார்கள். போர்தோ இயற்பியலாளர் ஃபிலிப் ஹூபெர் கண்ட வழி இன்னும் வியப்பானது. அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் காற்றில் கிடையாது. மூடிய பாட்டிலிலிருந்து வரும் காமாக் கதிரை அளந்தே, ஒயின் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லிவிடலாம். அறிவியலின் அழகான சாதனை. ஆனால் அந்த ஒயின் நன்றாக இருக்கிறதா என்பதை அந்தக் கருவி சொல்லாது.

அதைச் சொல்ல நாக்கைத் தவிர வேறு வழி இல்லை என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1976-இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய போட்டியில், லேபிளை மறைத்துச் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள் மூத்தோன் 1970-ஐயும் ஓ-பிரியோன் 1970-ஐயும் தாண்டி, கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-ஐ முதலிடத்தில் வைத்தார்கள். இளமையில் அப்படித்தான், வயதானால் போர்தோ வெல்லும் என்று பலர் வாதிட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2006-இல், அதே சிவப்பு ஒயின்கள் மறுபடி திறக்கப்பட்டன. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே. ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 முதலிடம். எந்தத் தரவரிசையும் எந்த ஏலத்தொகையும் முன்கூட்டிச் சொல்லாத முடிவு அது.

கண் எப்படி ஏமாற்றும் என்பதையும் இன்று அறிவோம். 2001-இல் வெளிவந்த போர்தோ ஆய்வில், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 பேருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதற்குச் சிவப்பு ஒயினின் மணங்களையே எழுதினார்கள். நிறமே இப்படி என்றால், புகழ்பெற்ற லேபிள் என்ன செய்யும்! அன்றைய ரசிகருக்கு இல்லாத இந்த எச்சரிக்கை இன்றைய ரசிகருக்குக் கிடைத்திருக்கிறது. மறைத்து வைத்துச் சுவைக்கும் பழக்கம் பரவியிருப்பது உண்மையான முன்னேற்றம். குவிந்த வாயுள்ள கோப்பை, சரியான வெப்பநிலை, கார்க்கை எடுக்காமலே ஊசி வழியே சிறிதளவு எடுத்து, காலியான இடத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பும் கொராவின் கருவி ஆகியவையும் அப்படித்தான்.

இவ்வளவு வசதியோடு நாம் இழக்கக் கூடாதது ஒன்றுதான்: முதிர்ந்த ஒயினைப் பருகி அறிந்த மனிதர்களின் நினைவு. முதற்படி ஒயின்கள் பெட்டகங்களில் உறங்கட்டும். நான்காம், ஐந்தாம் படித் தோட்டங்களிலும், தரவரிசைக்கு வெளியே மெடாக்கிலேயே உள்ள குரூ பூர்ஷ்வா தோட்டங்களிலும், நல்ல ஆண்டின் பதினைந்து இருபது வயதான பாட்டில்கள் இன்னும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. ஆறு பேர் பணம் சேர்த்து ஒன்றை வாங்குங்கள். லேபிளை மூடி ஊற்றுங்கள். ஊற்றியதும் ஒருமுறை, அரைமணி கழித்து ஒருமுறை, அடியில் ஒரு வாய் மிஞ்சும்போது ஒருமுறை எழுதுங்கள். 1855-இன் தரகர்களுக்கு அதிகாரம் கொடுத்தது அந்தப் பழக்கம்தான். அதைக் கற்க எந்த ஏல நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை.