எலெக்ட்ரானிக் சிகரெட் பிடித்தால் சிகரெட்டை விட்டுவிடலாமா?

'டாக்டர், வெளிநாட்டுல இருந்து வந்த சொந்தக்காரப் பையன் பேனா மாதிரி ஒண்ணு வச்சிருக்கான். அதை உறிஞ்சினா சிகரெட் ஆசையே போயிடுமாமே! எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கித் தரலாமா?'

இந்தக் கேள்வி திருவண்ணாமலை வரைக்கும் வந்துவிட்டது. கேட்பவர்கள் பெரும்பாலும் மனைவிமார்கள். ராத்திரியெல்லாம் கணவரின் இருமலைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் படுத்திருப்பவர்கள் அவர்கள்தானே! அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

அந்தப் பேனாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், ஒரு சின்னக் குப்பியில் திரவம். அவ்வளவுதான். உறிஞ்சும்போது சுருள் சூடாகி, திரவம் ஆவியாக வாய்க்குள் போகிறது. 'வெறும் தண்ணி ஆவிதான்' என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அதில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள், கூடவே நிகோடின். புகையிலையில் மனிதனைக் கட்டிப்போடுகிற சரக்கே இந்த நிகோடின்தான். ஒரு இழுப்பு இழுத்தால் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும்.

சிகரெட்டில் இலை எரிகிறது. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. புற்றுநோயையும் மாரடைப்பையும் கொண்டுவருவதில் பெரும்பங்கு இந்தப் புகைக்குத்தான். எலெக்ட்ரானிக் சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. சிகரெட்டை அடியோடு விட்டு இதற்கு மாறியவருக்குக் கெடுதல் குறைவு என்பது உண்மைதான். குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை!

வெள்ளைக்காரர்கள் கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள். சிகரெட்டை விடுபவர்களுக்கு இந்தக் கருவியை இலவசமாகத் தரும் திட்டத்தை இங்கிலாந்து அரசு 2023-ல் அறிவித்தது. அதற்கு ஆதாரமும் உண்டு. 2019-ல் அங்கே வெளியான ஓர் ஆய்வில் 886 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எலெக்ட்ரானிக் சிகரெட், இன்னொரு பிரிவுக்கு நிகோடின் சூயிங்கம், பட்டை போன்றவை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 100-க்கு 18 பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். இரண்டாவது பிரிவில் 10 பேர்.

'அப்போ நல்லதுதானே?' என்பீர்கள். அதே ஆய்வின் இன்னொரு கணக்கையும் பாருங்கள். அப்படி விட்டவர்களில், முதல் பிரிவில் 100-க்கு 80 பேர் ஒரு வருடம் ஆன பிறகும் எலெக்ட்ரானிக் சிகரெட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள். சூயிங்கம், பட்டைப் பிரிவில் அவற்றைத் தொடர்ந்தவர்கள் 9 பேர்தான். சிகரெட் போனது, நிகோடின் போகவில்லை.

நம் ஊரில் நிலைமை வேறு

தமிழ்நாட்டில் எலெக்ட்ரானிக் சிகரெட்டுக்கு 2018-லேயே தடை வந்துவிட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18-ம் தேதி அவசரச் சட்டம் போட்டு, அந்த டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பது, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பனைக்காக இருப்பு வைத்தாலும் தண்டனை உண்டு.

அப்படியானால் இங்கே கைமாறுவது எல்லாம் திருட்டுச் சரக்கு. உள்ளே எவ்வளவு நிகோடின், என்ன எண்ணெய் என்று சோதித்துச் சொல்ல ஆளில்லை. 2019-ல் அமெரிக்காவில் இப்படிக் கண்ட இடத்தில் வாங்கி உறிஞ்சியவர்களுக்கு நுரையீரல் கெட்டது. 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்துள்ள குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்தான் முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. குடித்தவர்களுக்கு அது முன்னாலேயே தெரியுமா? தெரியாதே! தவிர, அந்தத் திரவத்தைக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

'குறைச்சுக்கிட்டேன்' என்பவர்களுக்கு

'ஆபீஸ்ல இது, வெளியில ரெண்டே ரெண்டு சிகரெட்' என்று இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. நுரையீரலுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கலாம். ஆனால் இதயம் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. தினம் 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதய நோய் வரும் கூடுதல் அபாயத்தில் ஏறக்குறைய பாதி, தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் இருக்கிறது என்று 2018-ல் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டிருக்கிறார்கள். குறைப்பது படிக்கட்டாக இருக்கலாம். அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

பீடிதானே என்று அலட்சியமும் வேண்டாம். இலை சுருட்டிய பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நுரையீரலுக்குள் போகும் நஞ்சு சிகரெட்டுக்குச் சளைத்ததல்ல.

மாலை போட்டவர்கள் சொல்லித் தரும் பாடம்

கார்த்திகை மாதம் எத்தனையோ பேர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். இருபது வருடம் விடாமல் ஊதியவர்கூட 41 நாள், 48 நாள் தொடாமல் இருக்கிறார். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றியதும், டீக்கடை வாசலில் பழையபடி பற்றவைக்கிறார். ஏன்?

நிகோடின் இல்லாமல் உடம்பு படும் அவஸ்தை முதல் மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். எரிச்சல், தூக்கமின்மை, பசி, மலச்சிக்கல் எல்லாம் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41-ம் நாள் உடம்பு கேட்கவில்லை. கேட்பது டீக்கடை, பக்கத்தில் நிற்கும் நண்பர், சும்மா இருக்கும் கை! விரதத்தின்போது அவரைக் காப்பாற்றியது, பழைய இடத்தையும் சேர்க்கையையும் விட்டதுதான்.

எலெக்ட்ரானிக் சிகரெட்டின் குறையே இதுதான். நிகோடின் அப்படியே, கை வாய்க்குப் போவது அப்படியே, நண்பர்கள் கூட்டம் அப்படியே. புகை மட்டும்தான் மாறுகிறது.

சரி, என்னதான் செய்வது?

ஒரு நாள் குறியுங்கள். பௌர்ணமி கிரிவலம் நல்ல நாள். 14 கிலோமீட்டர் நடந்து முடிக்கும்வரை பிடிக்காமல் இருந்தவரால் அடுத்த நாலு மணி நேரமும் இருக்க முடியும். முதல் நாளே வீட்டில் இருக்கிற பாக்கெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள்.

ஆசை வந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நடை, வாயில் ஏலக்காயோ கிராம்போ சோம்போ போதும். முதல் ஒரு மாதம் டீயை வீட்டிலேயே குடிக்கட்டும்.

அதிகம் பிடிப்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் உதவும். சித்த வைத்தியன் இதைச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். பயன்படுவதைச் சொல்லத்தான் வேண்டும். இதைச் சாதாரண சூயிங்கம் போல மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பழச்சாறு ஆகாது. 2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்பதை டாக்டர் சொல்லட்டும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடக் கூடாது.

நம் மருந்துகள் சிகரெட்டை 'மறக்கடிக்கும்' என்று நான் சொல்லமாட்டேன். விட்ட பிறகு வரும் தொல்லைகளுக்குக் கைகொடுக்கும். மலச்சிக்கலுக்கு ராத்திரி கடுக்காய்ப் பொடி, சளி கட்டினால் ஆடாதொடைக் குடிநீர். அதிமதுரம் தொண்டைக்கு இதம். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடர்ந்து சாப்பிடக் கூடாது, அழுத்தத்தைக் கூட்டும். 'மூலிகை பீடி' வேண்டவே வேண்டாம். துளசியே ஆனாலும் எரித்து இழுத்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும்.

இன்னொரு உதவி சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகி இருக்கிறது! 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண். விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வதற்காக மத்திய அரசு 2016-ல் தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வாரம் அவர் எரிந்து விழுவார். சண்டைக்குப் போகாதீர்கள், அது நிகோடின் போடும் சத்தம். நடுவில் ஒரு நாள் தவறிப் பிடித்துவிட்டால் 'நீங்க எங்க விடப்போறீங்க!' என்று குத்திக் காட்டாதீர்கள். பலரும் இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகுதான் முழுசாக விடுகிறார்கள். ஒரு வருடம் தாண்டினால் மாரடைப்புக்கான கூடுதல் அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்த ஒரு வருடத்துக்குப் பேனாவைவிட உங்கள் பொறுமைதான் அவருக்கு அதிகம் தேவைப்படும்.