இரண்டு மாத ஊசிக்கு முன்னே

இலங்கையில் பிறந்தவுடன் பீ.சீ.ஜீ. ஏற்றிய குழந்தைக்கு அடுத்த ஊசி இரண்டு மாதம் முடியத்தான். தோப்பூரில் ஒரு தாய், "செங்கமாரி இன்னும் போகல்ல, ஊசிக்குப் போகக்குள்ள கேப்பம்" என்று இருந்துவிட்டால், பித்தக்குழாய் அடைப்பு நோயைப் பொறுத்தவரை அது பிந்திய நாள்.

அரிய நோய்தான். ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று. தாய்வானில் அதைவிட அதிகம். கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தக்குழாய்கள் முதல் வாரங்களிலேயே அழற்சியுற்று, தழும்பாகி மூடிவிடும். குடலுக்கு இறங்க வேண்டிய பித்தம் தேங்கிக் கல்லீரலைக் கெடுக்கும். மலத்துக்கு நிறம் தருவது பித்தம் என்பதால் மலம் வெண்கட்டி போல வெளிறும், சிறுநீர் கடும் மஞ்சளாகும். ஆனால் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடையும் கூடும். எல்லோரையும் ஏமாற்றுவது அதுதான். இளவெயிலில் காட்டினால் செங்கமாரி போய்விடும் என்று நாள் கடத்தப்படுகிறது.

ஸ்கேன் என்ன சொல்லும்? ஏறக்குறைய நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்திருந்து வயிற்றைப் பார்ப்பார்கள். அப்போதுதான் பித்தப்பை நிரம்பியிருக்கும். இந்த நோயில் அது சுருங்கி, ஓரம் கோணலாகத் தெரியும், அல்லது தென்படவே மாட்டாது. கல்லீரலுக்குள் நுழையும் பெரிய நாளம் கிளை பிரியுமிடத்தில், தழும்பான குழாயின் மிச்சம் வெண்மையான முக்கோணமாகத் தெரிந்தால், அதன் தடிப்பும் 4 மில்லிமீற்றரைத் தாண்டினால், சந்தேகம் வலுக்கும். தென்கொரிய மருத்துவர்கள் 1990களில் கவனித்துச் சொன்ன அடையாளம் இது. கைதேர்ந்த கண் வேண்டும். முக்கோணம் தெரியாததாலேயே நோய் இல்லை என்றும் ஆகாது.

அடுத்தது அணுக்கதிர் ஸ்கேன். நாளத்தில் ஏற்றிய டெக்னீசியம் மருந்து 24 மணி நேரத்துக்குள் குடலுக்கு வந்துவிட்டால் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடுமையான கல்லீரல் அழற்சியிலும் அது வராமல் போகலாம். ஆகவே இறுதி விடை அறுவை மேசையில்தான்: பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அடைப்பு உறுதியானால் அங்கேயே கசாய் அறுவை. ஜப்பானின் செண்டாயில் மொரியோ கசாய் 1950களில் தொடங்கிய முறை அது. தழும்பான குழாய்களை அகற்றிக் குடலைக் கல்லீரலோடு நேரே இணைப்பார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல்.

அது பலிக்காவிட்டால் கல்லீரல் மாற்று. 1998இல் டெல்லி அப்பலோவில், இந்தியாவின் முதலாவது வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்றைப் பெற்ற காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கும் இதே நோய்தான். தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். பிள்ளை பின்னர் வைத்தியராகிவிட்டார்.

தாய்வான் 2004 முதல் ஒவ்வொரு தாயின் கையிலும் மல நிற அட்டையைக் கொடுத்தது. 60 நாளுக்குள் அறுவைக்குப் போகும் குழந்தைகளின் பங்கு கூடியது. அட்டை இல்லாவிட்டாலும் பம்பர்ஸ் இருக்கிறது. 14 நாள் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பம்பர்ஸை விரித்துக் காட்டுங்கள். திருகோணமலை வைத்தியசாலையில், "இரத்தத்தில் டைரக்ட் பிலிருபின் பார்த்தீர்களா, வயிற்றை ஸ்கேன் பண்ணுவீர்களா?" என்று கேளுங்கள்.