வானத்துப் புகை வயலில் இறங்குமா?

வானம் பால் போல் வெளுத்து, சூரியன் செம்பு நிறமாகத் தெரிகிறது. அன்று வயலில் ஆள் வைத்து வேலை செய்யலாமா, கூடாதா? 2023ஆம் ஆண்டு வட அமெரிக்க விவசாயிகள் முன் எழுந்த கேள்வி இது. கனடா நாட்டில் அவ்வாண்டு ஏறத்தாழ 150 லட்சம் எக்டேர் காடு தீக்கிரையாயிற்று. அதன் புகை கண்டத்தின் குறுக்கே பரவியது.

அப்புகையை நாள்தோறும் கண்காணித்தவற்றுள் முக்கியமானது 'கோஸ்-16' என்னும் அமெரிக்கச் செயற்கைக் கோள். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 35,800 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றியதால் ஒரே பகுதியை விடாமல் பார்க்க முடிந்தது. பத்து நிமிடத்திற்கு ஒரு முறை பூமியின் அப்பக்கம் முழுவதையும் படம் பிடித்து அனுப்பியது.

மேலிருந்து பார்த்தால் மேகமும் புகையும் ஒன்று போலவே தோன்றும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. சாதாரண ஒளியில் எடுத்த படத்தையும் அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். உயர்ந்த மேகத்தின் உச்சி குளிர்ந்திருப்பதால் அகச்சிவப்புப் படத்தில் அது தெளிவாக விழும். புகையோ அதில் பெரும்பாலும் தெரியாது. கதிர்கள் அதை ஊடுருவிச் சென்று விடும். ஆகவே ஒரு படத்தில் தெரிந்து மற்றதில் மறைவது பெரும்பாலும் புகையே. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது மெல்லிய புகையும் துலங்கும். இரவில் இந்த முறை பயன்படாது. மேகம் மூடினாலும் அப்படியே.

இவ்வாறு கண்டறிந்த புகையின் எல்லையை அமெரிக்க வானிலைத் துறையினர் லேசானது, நடுத்தரம், அடர்ந்தது என மூன்று வகையாகப் பிரித்து வரைபடத்தில் குறிக்கிறார்கள். ஆனால் இந்த வரைபடம் ஒன்றைச் சொல்லாது. புகை தலைக்கு மேல் பல கி.மீ. உயரத்தில் செல்கிறதா, மூக்கருகே நிற்கிறதா என்பதே அது. விவசாயிக்குத் தேவையானதோ அந்த விவரம்தான்.

2023 மே மாதம் மேற்குக் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துப் புகை கிழக்குக் கரை வரை சென்றது. அங்கு அது பெரும்பாலும் உயரத்திலேயே கடந்தது. வானம் மங்கியதோடு சரி. ஜூன் முதல் வாரத்தில் கியூபெக் மாநிலத்தில் மின்னலால் பல தீக்கள் மூண்டன. அப்போது கரையோரம் நின்ற காற்றழுத்தத் தாழ்வைச் சுற்றி வடக்கிலிருந்து வீசிய காற்று, புகையைத் தரையோடு தெற்கே இழுத்து வந்தது. ஜூன் 7 அன்று நியூயார்க் நகரில் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறமாயிற்று. 300ஐத் தாண்டினாலே அபாயம் எனக் கருதப்படும் காற்று மாசு அளவீடு அங்கு 400ஐயும் கடந்தது. அம்மாநிலத்துப் பண்ணைகளில் அது ஸ்ட்ராபெரி பறிக்கும் பருவம்.

மார்கழி விடியலில் கொளுத்திய சருகின் புகை மேலே எழாமல் வரப்போடு படர்வதை நம் விவசாயிகள் கண்டிருப்பார்கள். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போல் நின்று விட்டால் புகை கீழேயே தங்கி விடும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கலங்கும். அப்போது கீழே உள்ளது மேலே போகும். சில நாட்களில் மேலே நின்ற புகையே கீழே இறங்கி வரும்.

பயிருக்கு நேரும் விளைவு ஒரே மாதிரி இராது. மெல்லிய புகை வெளிச்சத்தைச் சிதறடித்துக் கீழ் இலைகளுக்கும் கொஞ்சம் தரலாம். அடர்ந்த புகை வெயிலையே குறைத்து விடும். 2020இல் கலிபோர்னியாவில் ஒயின் திராட்சையின் தோலில் புகைப் பொருள்கள் ஏறின. பழத்தில் அவை சர்க்கரையோடு கட்டுண்டு கிடப்பதால் தின்றால் அவ்வளவாகத் தெரியாது. நொதித்தபின் சாம்பல் வாடை அடிக்கும். பல தோட்டங்களில் குலைகள் கொடியிலேயே விடப்பட்டன.

மனிதரின் நுரையீரலுக்கோ தரையருகே உள்ள நுண்துகளே கணக்கு. அதனால் கலிபோர்னியாவில் வெளியில் வேலை செய்வோருக்கான விதி, செயற்கைக் கோள் படத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. காட்டுத்தீப் புகையால் நுண்துகள் மாசு அளவீடு 151ஐ எட்டினால் கூலியாட்களுக்கு முகக்கவசம் கொடுத்தாக வேண்டும். அந்த அளவை எடுப்பவை தரையில் வைத்த கருவிகளே.