உங்களுக்குத் தெரியுமா? பாலில் சேரும் பூச்சிமருந்து

டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பூச்சிமருந்துகள் நீரில் எளிதில் கரையாதவை. கொழுப்பில் நன்றாகக் கரைபவை. மருந்து தெளித்த வயலின் வைக்கோலையும் தவிட்டையும் தின்னும் மாட்டின் கொழுப்பில் இவை தங்குகின்றன. பிறகு பாலின் கொழுப்போடு வெளியேறுகின்றன. காய்ச்சினாலும் போவதில்லை, வெண்ணெயோடு திரண்டு நெய்யில் செறிகின்றன. எருமைப் பாலில் கொழுப்பு கூடுதல் என்பதால் எச்சமும் அதில் கூடுதலாகத் தங்க இடமுண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாநிலங்களில் திரட்டிய 2,205 பால் மாதிரிகளில் சுமார் 82 விழுக்காட்டில் டி.டி.டி. இருந்தது. 1993இல் வெளிவந்த கவலைக்குரிய முடிவு இது. பாலையே பெரிதும் நம்பியிருப்பவர்கள் குழந்தைகள் அல்லவா?

இந்திய வேளாண்மையில் டி.டி.டி. 1989இலும், பி.எச்.சி. 1997இலும் தடைசெய்யப்பட்டன. ஆனால் மண்ணில் இவை பல்லாண்டு நீடிக்கும். பி.எச்.சி.யின் ஒரு வடிவமான லிண்டேன் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், டி.டி.டி. அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது.

இப்போது மாட்டு உண்ணிக்குப் பயன்படும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவை உடலில் விரைவில் சிதைபவை. ஆயினும் மருந்திட்டபின் லேபிளில் குறித்த நாட்கள் கழியும்வரை கறக்கும் பாலை விற்பனைக்கு அனுப்பக் கூடாது.