ஒரே மணல்... 40 குடித்தனம்! சண்டையில்லாமல் வாழும் பாலைவனப் பங்காளிகள்

நான்கு பங்காளிகள் இருந்தாலே வரப்புத் தகராறு வரும். ஆஸ்திரேலியாவின் கிரேட் விக்டோரியா பாலைவனத்திலோ, ஒரே செம்மணல் பரப்பில் 40-க்கும் மேற்பட்ட பல்லியினங்கள் வசிக்கின்றன. அரணை, ஓணான், பல்லி, உடும்பு என எல்லாக் குடும்பங்களும் ஆஜர்! வட அமெரிக்கப் பாலைவனங்களில் இப்படி ஓரிடத்தில் பத்து இனங்கள் சேர்ந்திருந்தாலே அதிகம்.

'ஒரே மணல், ஒரே வெயில். இத்தனை சொந்தக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?' இந்தக் கேள்வியோடு 1966-ல் அங்கே போனவர் அமெரிக்க உயிரியலாளர் எரிக் பியான்கா. 2022-ல் இறந்த அவர், பல பத்தாண்டுகள் அந்த மணலுக்கே திரும்பத் திரும்பப் போனார். ஓர் அரணைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

பாகப்பிரிவினை இப்படித்தான்!

முதல் பங்கீடு, நேரம். அரணையும் ஓணானும் பெரும்பாலும் பகல் ஷிஃப்ட். பல்லிகள் இரவு ஷிஃப்ட். இரண்டாவது, இடம். 'டெனோட்டஸ்' என்ற ஒரே பேரினத்து அரணைகளில் சில, ஸ்பினிஃபெக்ஸ் எனும் கூரிய புல் புதருக்குள்ளேயே இரை தேடும். சில, புதர்களுக்கு இடையே உள்ள வெட்டவெளியில் ஓடும். வெளியில் ஓடுபவைக்குப் பின்னங்கால் நீளம். புதருக்குள் நுழைபவைக்குக் குட்டை.

மூன்றாவது, சாப்பாடு. சிறுத்தை போலப் புள்ளிகள் கொண்ட ஓர் அரணைக்குக் கறையான்தான் முக்கிய உணவு. உடும்புகளில் ஒரு சாண் நீளமுள்ள குட்டி இனமும் உண்டு. 2 மீட்டர் வளரும் 'பெரென்டி'யும் உண்டு. உடம்பின் அளவு மாறினால் இரையும் மாறும்.

பங்கு பிரிக்கும் தீ

இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவது, ஆச்சர்யமாக, நெருப்பு! ஸ்பினிஃபெக்ஸ் எளிதில் பற்றிக்கொள்ளும். எரிந்து வெட்டவெளியான மண்ணில் 'நெட்டட் டிராகன்' என்ற ஓணான் பெருகும். புல் மீண்டும் அடர்ந்ததும் அது குறைந்து, அதன் நெருங்கிய உறவான 'மிலிட்டரி டிராகன்' பெருகும். அதனால், புதிதாக எரிந்த திட்டும் பல ஆண்டுகள் எரியாத திட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இருவருக்கும் இடம்.

அந்தத் திட்டுகளை உருவாக்கியதில் ஆதிகுடிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்னும் வடக்கே, மேற்குப் பாலைவனத்தில் வாழும் மார்ட்டு மக்கள், மணல் உடும்பின் வளையைக் கண்டுபிடிக்கப் புல்லைச் சிறு சிறு பகுதியாக எரிப்பார்கள். 1960-களில் அவர்கள் மண்ணைவிட்டு வெளியேற நேர்ந்தது. சிறு தீ வைக்க ஆளில்லாமல், மின்னல் மூட்டிய பெருந்தீ பரந்த நிலத்தை ஒரே வீச்சில் எரித்தது. எரிந்த இடம் முழுக்க ஒரே வயதுப் புல். பங்கு பிரிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

1980-களில் மார்ட்டு மக்கள் திரும்பினார்கள். பிறகு அங்கே ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்தது எதிர்பாராத விடை: மணல் உடும்புகள் அதிகமாக இருந்தது, அவர்கள் அதிகமாக வேட்டையாடிய இடத்தில்தான்! வேட்டைக்காக வைத்த சிறு தீயே உடும்புக்கு ஏற்ற நிலத்தை உண்டாக்கியிருந்தது.

இன்று ஆஸ்திரேலியப் பாலைவனங்களில் ஆதிகுடி வனக்காவலர்கள், குளிர்மாதங்களில் தாங்களே அளவாகத் தீ வைக்கிறார்கள். கோடையில் பெருந்தீ வந்தாலும், ஏற்கெனவே எரிந்த திட்டில் மோதி அது நின்றுவிட வாய்ப்பு உண்டு. அதற்கு அந்தப் பக்கம், பழைய புதருக்குள் அரணைகள் பத்திரமாக இருக்கும்.