பூட்டிய வீடும் ஓடும் மீட்டரும்

கோடை விடுமுறை தொடங்கியதும் தலைநகரில் வாழும் நம்மவர் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெற்கே பயணமாவது ஆண்டுதோறும் நிகழ்வதே. ரயிலில் இடம் பிடிக்க 60 நாட்களுக்கு முன்னரே நாட்காட்டியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறோம். ஊருக்குக் கொண்டு செல்ல வேண்டிய சாமான்களுக்கு ஜாபிதா எழுதுகிறோம். ஆனால் வீட்டிலுள்ள மின்சாரச் சாதனங்களில் எதை அணைப்பது, எதை அணைக்கலாகாது என்ற விஷயத்தை மட்டும், ஆட்டோ வாசலில் வந்து நின்ற பிறகு பத்து நிமிஷத்தில் தீர்மானிக்கிறோம். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்ததும், "எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தானே போனோம்? ஆளில்லாத வீட்டுக்கு இத்தனை யூனிட்டா?" என்ற கேள்வி எழுகிறது. வாடகை வீடாக இருந்தால் அக்கேள்வி வீட்டுக்காரரிடம் போய் மனஸ்தாபத்தில் முடிவதும் உண்டு.

இதற்கு விடை காண்பது கடினமன்று. சிறு பெருக்கல் கணக்கு ஒன்று போதும். ஆயிரம் வாட் சக்தியை ஒரு மணி நேரம் செலவழித்தால் ஒரு யூனிட் என்பது யாவரும் அறிந்ததே. ஆறு வாரம் என்பது 42 நாள். அதாவது 1,008 மணி. ஆகவே ஆறு வாரம் இடைவிடாது இணைப்பில் இருக்கும் சாதனம் எத்தனை வாட் இழுக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை யூனிட் மீட்டரில் ஏறும். பத்து வாட்டுக்குப் பத்து யூனிட். இருபது வாட்டுக்கு இருபது யூனிட். காகிதமும் பென்சிலும்கூட வேண்டியதில்லை.

இனி வீட்டைச் சுற்றி வருவோம். தொலைக்காட்சிப் பெட்டியை ரிமோட்டினால் அணைத்தாலும் அது அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது. ஆயினும் இக்காலத்துப் பெட்டிகள் அந்நிலையில் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே இழுப்பதால் ஆறு வாரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் போகாது. அதன் கீழே அடக்கமாக உட்கார்ந்திருக்கும் செட்-டாப் பெட்டியைத்தான் கவனிக்க வேண்டும். அதை ரிமோட்டினால் அணைத்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். அணைத்த நிலைக்கும் ஓடும் நிலைக்கும் செலவில் பெரிய பேதம் இல்லாத பெட்டிகள் பல. 12 வாட் என்று கொண்டால் 12 யூனிட். வைஃபை பெட்டி 8 யூனிட். குளிர்சாதனத்துக்கு முன்னால் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசர், குளிர்சாதனம் ஓடாதபோதும் உள்ளிருக்கும் மின்மாற்றியைச் சூடாக வைத்துக்கொள்வதற்காக ஓர் 6 யூனிட் வாங்கிக்கொள்ளும். போன் இல்லாமல் சுவரில் தொங்கும் சார்ஜர் அற்பம். கால் யூனிட்டுக்காக அதைத் திட்ட வேண்டாம்.

பூஜை அறையில் எரியும் பழைய 'ஜீரோ வாட்' பல்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரில்தான் ஜீரோ. உண்மையில் அது 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். பழைய சக்கர மீட்டர்களில் இவ்வளவு சிறிய செலவு சரியாகப் பதிவாகாமல் போவதும் உண்டு என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய மின்னணு மீட்டர் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எண்ணிவிடும். புது மீட்டர் மாட்டியதிலிருந்து 'வேகமாக ஓடுகிறது' என்று பலர் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊரில் இல்லாத ஆறு வாரமும் சுவாமிக்கு விளக்கு எரிய வேண்டும் என்று விரும்புவோர், அரை வாட் எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டுப் போகலாம். பக்திக்கும் குறைவில்லை.

குளிர்ப்பெட்டியே பெரிய செலவாளி. அதன் கதவில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். 240 என்று இருந்தால் ஆறு வாரத்துக்கு 28 யூனிட் ஆகிறது. சீட்டே இல்லாத பழைய பெட்டியானால் இதைப் போல் இரு மடங்குகூட ஆகலாம். கதவைத் திறப்பார் இல்லையாதலால் செலவு குறையும் என்பது உண்மை. பூட்டிய வீடு ஜூன் மாதத்தில் அடுப்பாய்க் காய்வதால் செலவு கூடும் என்பதும் உண்மை. இவ்வளவும் எதற்காக? பெரும்பாலும் பாதி ஊறுகாய், வண்டு பிடிக்காதிருக்க வைத்த சாம்பார்ப் பொடி, என்றோ வைத்து மறந்த மோர்மிளகாய் ஆகியவற்றைக் காப்பாற்றுவதற்காக. இவற்றைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் காலி செய்து, துடைத்து, ஈரம் உலர்ந்தபின் கதவைச் சிறிது திறந்து வைத்துவிட்டுப் போவதே நலம். கதவை இறுக மூடிவிட்டு அணைத்தால் திரும்பி வரும்போது பூஞ்சணமும் நாற்றமுமே வரவேற்கும். இன்சுலின் போன்ற மருந்துகள் வைத்திருப்போருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: நாம் இல்லாதபோது எத்தனை மணி நேரம் மின்சாரம் நின்றது என்பதை நாம் அறிய வழியில்லை, ஆகவே பெட்டியில் விட்டுச் சென்ற மருந்தை நம்பலாகாது. குளிர்ப்பையில் உடன் கொண்டு செல்வதே சரி.

இப்போது இன்வர்ட்டருக்கு வருகிறோம். பலர் சிக்கனம் என்று எண்ணிப் பெருஞ்செலவில் சிக்கிக்கொள்ளும் இடம் இதுவே.

பாட்டரி முழுதும் ஏறிய பிறகும், அதை நிறைவாக வைத்திருப்பதற்காக இன்வர்ட்டர் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தன் சொந்தச் செலவையும் சேர்த்து 15 முதல் 25 வாட் வரை ஆகலாம். நம் கணக்கின்படி ஆறு வாரத்துக்கு ஏறக்குறைய 20 யூனிட். இதை மிச்சம் பிடிக்க எண்ணிச் சிலர் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் புறப்படுகிறார்கள். நாம் வெளியூர் போயிருக்கிறோம் என்பதை இன்வர்ட்டர் என்ன கண்டது? கரண்ட் போய்விட்டது என்றுதான் அது நினைக்கும். உடனே பாட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கும். மறந்து விட்ட வைஃபை பெட்டியும் பூஜை அறை விளக்கும் அதில் ஓடும். ஒன்றுமே ஓடாவிட்டாலும் இன்வர்ட்டர் தன்னைத்தானே நடத்திக்கொள்வதற்குச் செலவழிக்கும். ஒன்றிரண்டு நாளிலோ நாலைந்து நாளிலோ பாட்டரி வற்றி, எச்சரிக்கைச் சத்தம் கேட்பாரின்றி ஒலித்து ஓய்ந்துவிடும்.

ஈய-அமில பாட்டரி வற்றிய நிலையில் நாள்பட நின்றால் அதன் தகடுகளில் ஈய ஸல்பேட் கெட்டிப்படிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. கோடை வெப்பம் இக்கேட்டை இன்னும் விரைவாக்கும். 150 ஆம்பியர்-மணி பாட்டரி வாங்கப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் 180 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அதை இழப்பது எந்தக் கணக்கில் சேரும்? மெயினை அணைத்த வீட்டிலும் இன்வர்ட்டர் இணைப்பில் உள்ள கம்பிகளில் மின்சாரம் இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு ஒட்டடை அடிக்க வருபவருக்கு இது தெரியாது.

மேல்நாடுகளிலும் இதே சங்கடம் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றோடு ஒரு சிறு வீட்டையே மோட்டார் வண்டியில் அமைத்துக்கொண்டு ஊர் சுற்றும் குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றி வந்தபின் அவ்வண்டி மாதக்கணக்கில் வாசலில் நிற்கும். அதன் பாட்டரி வற்றாமலிருக்க வீட்டுப் ப்ளக்கிலிருந்து கம்பி இழுத்துக் கொடுக்கிறார்கள். பிறகு மின்சார பில் ஏறுகிறதே என்று கவலைப்படுகிறார்கள். அங்கும் பாட்டரியை நிறைவாக வைத்திருக்கும் செலவு சொற்பமே. மறந்து ஓடவிட்ட குளிர்ப்பெட்டியும், குளிர்காலத்தில் வண்டிக்குள் வைக்கும் ஹீட்டருமே பில்லை ஏற்றுகின்றன. வண்டியானால் என்ன, வீடானால் என்ன, கணக்கு ஒன்றுதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரும்பாலான இன்வர்ட்டர்களில் முகப்பிலுள்ள ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு ப்ளக்கை இணைப்பிலேயே விட்டால், பாட்டரி ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் கரண்ட் போகும்போது வீட்டுக்கு மின்சாரம் அனுப்பி வற்றாது. அந்த 20 யூனிட்டைத் தண்டமாக நினைக்காமல் பாட்டரிக்குச் செலுத்தும் இன்ஷூரன்ஸ் சந்தாவாக நினைப்பதே பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம். வெப்பத்தில் பாட்டரி நீர் ஆவியாகுமாகையால், புறப்படுமுன் காய்ச்சி வடித்த நீரை மேல்குறியைத் தாண்டாமல் ஊற்றிவைப்பது அவசியம். ஆளில்லாத வீட்டில் எதுவும் இணைப்பில் இருக்கலாகாது என்று அஞ்சுவோர், பாட்டரியை முழுதும் ஏற்றி, முகப்பு ஸ்விட்சையும் ப்ளக்கையும் அணைத்து, தெரிந்த மின் பணியாளரைக் கொண்டு பாட்டரிக் கம்பியைக் கழற்றி வைக்கலாம். நிறைந்த பாட்டரி ஆறு வாரத்தில் தானாகச் சற்று இறங்கும், ஆனால் கெட்டுப்போகாது. மெயினை அணைக்க விரும்புவோரும் முதலில் இதைச் செய்த பிறகே அணைக்க வேண்டும்.

மேலே சொன்னவற்றை எல்லாம் கூட்டுவோம். குளிர்ப்பெட்டி 28, இன்வர்ட்டர் 20, ஜீரோ வாட் பல்பு 15, செட்-டாப் பெட்டி 12, வைஃபை 8, ஸ்டெபிலைசர் 6, தொலைக்காட்சி 1. ஆக 90 யூனிட். ஆளில்லாத வீடு ஆறு வாரத்தில் இவ்வளவு செலவழிப்பதில் மாயம் ஒன்றுமில்லை. இன்வர்ட்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் ப்ளக்கைப் பிடுங்கினால் 90 என்பது 20 ஆகிவிடும்.

தம் வீட்டில் உண்மையில் எவ்வளவு என்று அறிய விரும்புவோர் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைக் கவனிக்கலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டரின் முகத்திலேயே எழுதியிருக்கும். 3,200 என்று இருப்பது பல. இன்வர்ட்டர் தவிர யாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு மினுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். 1,125ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 56 வினாடி ஆனால் 20 வாட். பிறகு மெயினையும் அணைத்துப் பார்த்தால், மினுக்கு நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் மீட்டருக்கும் மெயினுக்கும் இடையில் வேறு யாருக்கோ கம்பி போகிறது என்றோ, பக்கத்துக் குடித்தனத்தின் நியூட்ரல் கம்பி நம்முடையதோடு கலந்திருக்கிறது என்றோ சந்தேகிக்க இடமுண்டு. ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்கள் இருக்குமிடத்தில் இது அரிதன்று.

இந்த 90 யூனிட் எல்லோருக்கும் ஒரே பாரமாக இருப்பதில்லை. டில்லி அரசு 2019 ஆகஸ்டு முதல் மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை என்று ஆக்கியது. 2022 அக்டோபர் முதல் அது விண்ணப்பித்தோருக்கு மட்டும் என்றாயிற்று. சொந்த மீட்டரும் அந்தச் சலுகையும் உள்ளவருக்குப் பூட்டிய வீட்டால் நஷ்டம் இல்லை. வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து சப்-மீட்டர் வைத்துக் குடியிருப்போரின் நிலை வேறு. யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று பேசியிருந்தால் 90 யூனிட்டுக்கு 810 ரூபாய் கொடுத்தாக வேண்டும். இதில் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2019ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி டில்லியில் முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200க்கு 4 ரூபாய் 50 காசு, 401லிருந்து 6 ரூபாய் 50 காசு என்று படிப்படியாக ஏறும், மேல்வரிகள் தனி. நான்கு குடித்தனம் ஒரே இணைப்பில் சேர்ந்தால் சலுகை போய், மேல்படிக் கட்டணமே வரும். இக்குறையைத் தீர்க்கவே அதே 2019ல், வாடகை ஒப்பந்தமோ ரசீதோ காட்டிக் குடித்தனக்காரர் தம் பெயரில் முன்பணம் செலுத்தும் மீட்டர் பெறும் திட்டத்தை டில்லி அரசு அறிவித்தது. நம்மவரில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஊரிலும் பூட்டிக் கிடக்கும் பூர்விக வீடு உள்ளவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு.

நீண்ட நாள் வெளியூர் செல்வோருக்குப் பயன்படும் சட்ட விதி ஒன்றும் உண்டு. மத்திய அரசு 2020 டிசம்பரில் வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வீட்டில் தொடர்ந்து இருக்கமாட்டோம் என்று மின் வினியோக நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அக்காலத்துக்குரிய நிலைக்கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்திவிட்டால், உத்தேச பில்லும் நோட்டீசும் அனுப்பலாகாது, இணைப்பையும் துண்டிக்கலாகாது. சப்-மீட்டர் உள்ளவர்கள் புறப்படும் நாளில் மீட்டர் எண்ணை வீட்டுக்காரர் முன்னிலையில் போனில் படம் எடுத்து, அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டுப் போவது நல்லது. திரும்பிய அன்றே, ஃபேன் ஸ்விட்சைத் தட்டுவதற்கு முன் இன்னொரு படம். கம்பி கழற்றிய பாட்டரியை மீண்டும் இணைத்தவர்கள், அது முழுதும் ஏறும் வரை, ஓர் இரவு, அதன்மேல் பாரம் ஏற்றாமல் விட வேண்டும்.