உறை மாற்றமா, உருமாற்றமா? டேப்லெட்டில் படம் ஏற்றும் கட்டற்ற மென்பொருள்கள்

டேப்லெட்டில் ஓடும் படக் கோப்பு ஒற்றைப் பொருள் அல்ல. காட்சி, ஒலி, வசன வரிகள் ஆகியவை அதற்குள் தனித்தனி ஓடைகளாக இருக்கின்றன. எந்த நொடியில் எது வரவேண்டும் என்ற குறிப்போடு இவற்றைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது கொள்கலம். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவை கொள்கலத்தின் வகையை மட்டுமே சொல்கின்றன. உள்ளே இருக்கும் காட்சி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது அந்தப் பெயரிலிருந்து தெரியாது. அடுக்கு டிபன் கேரியரை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே சாம்பார் சாதமா தயிர் சாதமா என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான். கேரியர் ஒத்துவரவில்லை என்றால் சோற்றை வேறு கேரியருக்கு மாற்றினால் போதும்; மறுபடி உலை வைக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் படம் ஏற்றும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

சுருக்கம் ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு சட்டகம், வழக்கமான வண்ணக் குறைப்பைச் செய்த பிறகும், ஏறத்தாழ 31 லட்சம் பைட் பிடிக்கும். நொடிக்கு 24 சட்டகம் வீதம் இரண்டரை மணி நேரப் படம் 670 ஜிபியைத் தாண்டிவிடும். அதையே நொடிக்கு 2 மெகாபிட் அளவில் சுருக்கினால் 2.25 ஜிபிதான். அடுத்தடுத்த சட்டகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருப்பதால், மாறிய பகுதியையும் அது நகர்ந்த திசையையும் மட்டும் எழுதி வைப்பதும், கண் கவனிக்காத நுணுக்கங்களைக் கைவிடுவதும் இந்த வித்தையின் அடிப்படை. கைவிட்டது திரும்ப வராது. ஏற்கெனவே சுருக்கிய படத்தை இன்னொரு முறை சுருக்கினால் இழப்பின் மேல் இழப்பு சேரும். அதனால், தேவையில்லாமல் ஒரு படத்தை மறுபடி சுருக்குவது நேர விரயம் மட்டுமல்ல, படத்துக்கே செய்யும் சேதம்.

இன்று புழக்கத்தில் உள்ள சுருக்க முறைகளில் எச்.264 2003-லும், எச்.265 2013-லும், ஏவி1 2018-லும் வந்தவை. பிந்தையவை அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தரும். ஆனால் அவற்றை விரிக்க அதிக உழைப்பு வேண்டும். டேப்லெட்டின் சிப்பில் இதற்கென்றே தனி மின்சுற்று இருந்தால் படம் அலுங்காமல் ஓடும். இல்லாவிட்டால் பொதுச் செயலி அந்தச் சுமையைத் தூக்கும். கருவி சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும், காட்சி திணறும். எச்.264-க்கான சுற்று ஏறக்குறைய எல்லா டேப்லெட்டிலும் உண்டு. எச்.265-க்கானது பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஏவி1-க்கானது புதியவற்றில் மட்டுமே.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் இந்த அறிவுக்கு அன்றாடப் பயன் இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் தொழிலாளர் விடுதி மட்டுமே 18,720 படுக்கைகள் கொண்டது. ஒரே வைஃபையைப் பலர் பகிரும் அறைகளிலும், ஷிப்ட் முடிந்து காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸிலும், நாளொன்றுக்கு இவ்வளவு ஜிபி என்று அளந்து வரும் டேட்டாவை நம்பி முழுப்படம் பார்க்க முடியாது. கருவிக்குள்ளேயே படம் இருந்தால் தடங்கல் இல்லை. எதையும் ‘கன்வெர்ட்’ செய்துதான் ஏற்ற வேண்டும் என்ற பழக்கமும் கைபேசியோடு வந்ததுதான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-லிருந்து 2014 நவம்பர் வரை இயங்கிய காலத்தில், எளிய கைபேசிகளில் 3ஜிபி (3GP) என்ற வடிவத்தில் 176-க்கு 144 புள்ளி அளவுக்குக் குறுக்கிய பாடல் காட்சிகள் மட்டுமே ஓடும். அன்று எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும். இன்றைய டேப்லெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் பழக்கம் போகவில்லை.

முதல் வேலை மாற்றுவது அல்ல, பார்ப்பது. கணினியில் விஎல்சி மென்பொருளில் படத்தைத் திறந்து, டூல்ஸ் பட்டியில் உள்ள ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ பகுதிக்குப் போனால், காட்சி எந்த முறையில் சுருக்கப்பட்டது, ஒலி எந்த முறை, எத்தனை மொழிகளில் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பாரீஸின் எக்கோல் சென்த்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய திட்டம் விஎல்சி. 2001-ல் அது கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்தது. அதே விஎல்சி ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் கிடைக்கிறது. டேப்லெட்டின் சொந்த பிளேயர் திறக்க மறுக்கும் எம்கேவி கோப்பை அது திறந்துவிடும். பல வீடுகளில் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. எதையும் மாற்றாமல் விஎல்சியை நிறுவிக்கொள்வதே சரியான வழி.

படம் தெரிகிறது, சத்தம் வரவில்லை என்பது அடுத்தபடி அடிக்கடி எழும் குறை. தியேட்டர் ஒலிக்கென்று உருவான ஏசி3, டிடிஎஸ் முறைகளை விரிக்கும் திறன் பல டேப்லெட்டுகளின் பிளேயரில் இல்லாததே இதற்குக் காரணம். காட்சியைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசி முறைக்கு மாற்றினால் போதும். அவிடெமக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் காட்சிக்கு ‘காபி’, ஒலிக்கு ‘ஏஏசி’, வெளியீட்டு வடிவத்துக்கு எம்பி4 என்று தெரிவு செய்து சேமித்தால் சில நிமிடங்களில் முடியும். கொள்கலம் மட்டுமே இடைஞ்சல் என்றால் ஒலிக்கும் ‘காபி’ கொடுத்துவிடலாம். இதுதான் உறை மாற்றம். தரத்தில் இம்மியும் குறையாது.

பல மொழி ஒலி கொண்ட படங்களில் இடத்தைத் தின்பது காட்சி மட்டுமல்ல. நொடிக்கு 448 கிலோபிட் ஏசி3 ஒலி, இரண்டரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 500 எம்பி பிடிக்கும். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் சேர்ந்தால் ஒன்றரை ஜிபி ஒலிக்கே போகும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களோடு அறையைப் பகிரும் ஒருவர் இந்தி ஒலியையும் வைத்துக்கொள்ள விரும்பலாம், மற்றவற்றை நீக்கிவிடலாம். காதொலிப்பானில் கேட்க 160 கிலோபிட் ஏஏசி தாராளம். அது 180 எம்பிதான்.

முழு உருமாற்றம் தேவைப்படுவது மூன்று நிலைகளில்: டேப்லெட்டால் விரிக்க முடியாத சுருக்க முறை, இடம் போதாத அளவுக்குப் பெரிய கோப்பு, பழைய குறுந்தகடு. இதற்கான கருவி ஹேண்ட்பிரேக். எரிக் பெத்தி 2003-ல் பிஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கிய இது, இன்று லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபேப்ரிஸ் பெல்லார் 2000-ல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் திட்டத்தின் நிரல்களே இதற்கும் வேறு பல வீடியோ மென்பொருள்களுக்கும் அடித்தளம். வெளியில் பெயர் தெரியாமல் இவ்வளவு உழைக்கும் மென்பொருள் அரிது.

ஹேண்ட்பிரேக்கில் படத்தைத் திறந்ததும் ‘பிரீசெட்’ பட்டியில் ஆண்ட்ராய்டுக்கென்று 1080, 720, 480 என்ற அளவுகளில் ஆயத்த அமைப்புகள் இருக்கும். பத்து அங்குலத் திரைக்கு 720 போதும். அடுத்துக் கவனிக்க வேண்டியது ‘ஆர்எஃப்’ என்ற தர எண். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். 720-க்கு 19 முதல் 23 வரையும், 1080-க்கு 20 முதல் 24 வரையும் ஹேண்ட்பிரேக் குழு பரிந்துரைக்கிறது. கோப்பு இத்தனை எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைவிட இந்த எண்ணைப் பிடித்து வேலை செய்வதே மேல். சண்டைக் காட்சிக்கு வேண்டிய இடத்தைத் தந்து, அசையாத காட்சியில் மிச்சம் பிடிக்க மென்பொருளுக்கு அது வழி விடுகிறது. முழுப் படத்தையும் மாற்றுமுன் இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்த கணினிகளில், விண்டோஸுடன் சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படிப்பட்ட பழைய கணினியிலும் இந்த வேலை நடக்கும். இன்றைய இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொண்டால் இன்னும் சுலபம். மாற்றத்துக்குப் படத்தின் ஓட்ட நேரத்தைவிடக் கூடுதலாகவே ஆகலாம். இரவு ஷிப்டுக்குப் போகும்போது ஓடவிட்டுப் போனால் விடியலில் முடிந்திருக்கும். கணினியின் காற்றுத் துளைகளை மெத்தை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் வழிகாட்டத் துணையும் அருகிலேயே இருக்கிறது: காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது, 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறது.

மாற்றியே ஆகவேண்டிய பொருள் ஒன்று ஏறக்குறைய எல்லா வீட்டுப் பீரோவிலும் இருக்கிறது: கல்யாண வீடியோ. விசிடியாக இருந்தால் அது 352-க்கு 288 புள்ளி, டேட் என்று முடியும் கோப்பு. டிவிடியாக இருந்தால் 720-க்கு 576 புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள் வெட்டப்பட்ட விஓபி துண்டுகள். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்காமல் டிவிடி முழுவதையும் ஹேண்ட்பிரேக்கில் திறந்தால், அது அவற்றை ஒரே படமாகப் படித்துக்கொள்ளும். அக்காலக் கேமராக்களும் டிவிகளும் நொடிக்கு 50 அரைச் சட்டகங்களைக் கையாண்டவை. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். டேப்லெட் திரை எல்லா வரிகளையும் ஒரே சமயத்தில் காட்டுவதால், தாலி கட்டும் கையின் ஓரங்கள் சீப்புப் பற்களைப்போல் கிழிந்து தெரியும். ஃபில்டர்ஸ் பகுதியில் ‘டீஇன்டர்லேஸ்’ தெரிவை இயக்கினால் இது சரியாகும். ஆர்எஃப் எண்ணை 18 முதல் 22-க்குள் வைப்பது நல்லது. சிறிய படத்தை 1080-க்குப் பெரிதாக்குவதால் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது, கோப்புதான் வீங்கும். குறுந்தகடுகள் கீறலாலும் ஈரத்தாலும் படிக்க முடியாமல் போகக்கூடியவை. இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. மாற்றிய பிறகும் மூலத்தை அப்படியே வன்தட்டில் நகலெடுத்து வைக்க வேண்டும்.

வசன வரிகளில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எஸ்ஆர்டி கோப்பு யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படாமல் பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்தால் திரையில் புரியாத குறிகள்தான் வரும். எழுத்துத் தொகுப்பியில் திறந்து யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, படக் கோப்பின் பெயரையே அதற்கும் வைத்து அருகில் போட்டால் விஎல்சி தானாக எடுத்துக்கொள்ளும். வரிகளைப் படத்தின் மேலேயே பொறித்துவிடும் வசதியும் ஹேண்ட்பிரேக்கில் உண்டு. ஆனால் பொறித்ததை அழிக்க முடியாது. வேறு வழியில்லாதபோது மட்டுமே அதை நாட வேண்டும்.

பூட்டிய வட்டுகளை ஹேண்ட்பிரேக் திறப்பதில்லை. ஓடிடி செயலிகளில் இறக்கிய படங்கள் அந்தந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும்படி மறையாக்கப்பட்டவை. உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பதை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. சொந்தமாக எடுத்தவை, உரிமையாளரே பகிர அனுமதித்தவை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு முடிந்து படத்தின் பதிப்புரிமை காலாவதியானவை ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

கோப்பு தயாரானால் இடமாற்றம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டை யுஎஸ்பி கம்பியால் இணைத்ததும் அது சார்ஜ் மட்டுமே ஏற்கும். அறிவிப்புப் பட்டையைத் தட்டி ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்று மாற்றினால்தான் கணினிக்கு நினைவகம் தெரியும். வீடியோக்களை ‘மூவீஸ்’ கோப்புறையில் போடலாம். ஐபேடில், விஎல்சி செயலியின் வைஃபை பகிர்வை இயக்கினால் ஒரு முகவரி காட்டும். அதைக் கணினியின் உலாவியில் திறந்து கோப்பை இழுத்துப் போட்டால் ஏறிவிடும். லோக்கல்சென்ட், கேடிஇ கனெக்ட் என்ற கட்டற்ற செயலிகளும் கம்பியில்லாமல் அனுப்பும். விடுதி வைஃபைகள் சில, ஒரு கருவி இன்னொன்றைக் காணாதபடி பிரித்து வைத்திருக்கும். அங்கே கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைக்கலாம். கருவிகளுக்கு இடையே போகும் கோப்புக்கு மொபைல் டேட்டா செலவாகாது.

மெமரி கார்டில் இடம் இருந்தும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று மறுத்தால், கார்டு ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 32 ஜிபி வரையிலான கார்டுகள் வழக்கமாக அப்படித்தான் வரும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அந்த முறை ஏற்காது. இரண்டரை மணிப் படம் நொடிக்கு 3.8 மெகாபிட்டைத் தாண்டினால் இந்த எல்லையில் முட்டிக்கொள்ளும். கார்டில் உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம், டேப்லெட் அதை ஏற்குமானால். இல்லையேல் ஆர்எஃப் எண்ணை ஒன்றிரண்டு கூட்டி மறுபடி மாற்றலாம்.

நகலெடுத்து முடிந்ததும் கம்பியைப் பிடுங்காமல் முறைப்படி ‘இஜெக்ட்’ செய்ய வேண்டும். பிறகு டேப்லெட்டின் வைஃபையை அணைத்துவிட்டு, படத்தின் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவும் ஒலியும் கடைசியில் விலகிப்போவதுண்டு. அப்படியானால் ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் சட்டக வேகத்தை ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து மறுபடி மாற்ற வேண்டும். இந்தச் சோதனை முடியும்வரை கணினியில் உள்ள மூலக் கோப்பை நீக்கக் கூடாது.